தண்ணீரில் புழு தேடிய டாக்டர் வாட்சன்



சுபாங் ஜெயா என்றதும் இன்றைக்கு நம் கண் முன்னால் வருவது மாடி வீடுகளும் பேரங்காடிகளும்தான். ஆனால் அந்த மண்ணில் பெரும் பகுதிக்குப் பழைய பெயர் சீபீல்டு தோட்டம். பத்து தீகா பக்கம் இருந்த அந்த ரப்பர்த் தோட்டத்தில் நம் ஜனங்கள் மரம் வெட்டினார்கள், லயத்தில் குடியிருந்தார்கள், குளிர் காய்ச்சலில் படுத்தார்கள். படுத்தவர் எல்லாரும் எழுந்துவிடவில்லை.

அந்தத் தோட்டத்து மேட்டுப் பள்ளங்களில் ஓடிய ஓடைகளை ஒரு வெள்ளைக்கார டாக்டர் விடாமல் ஆராய்ந்தார். மற்ற வெள்ளைக்காரர்கள் மலாயா ஓடைகளில் ஈயம் தேடிய காலம் அது. இவர் தேடியதோ கொசுப் புழு! அவர்தான் சர் மால்கம் வாட்சன். மலாயாவில் மலேரியா எப்படி அடங்கியது என்று யார் எழுதினாலும் இவர் பெயரைத் தாண்டிப் போக முடியாது. நம் தோட்டங்களில் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்து வளர்ந்ததற்கு இவர் கண்ட உண்மையும் ஒரு காரணம். அந்த மனிதரின் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறோம்.

கிள்ளானுக்கு வந்தார்

வாட்சன் 1873-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்தார். அவர் படித்து முடித்த காலத்தில்கூட, மலேரியா எப்படி வருகிறது என்று உலகத்துக்குச் சரியாகத் தெரியாது. சதுப்பு நிலத்துக் கெட்ட காற்றுதான் காரணம் என்று நெடுங்காலம் நம்பி வந்தார்கள். 'மலேரியா' என்ற சொல்லுக்கே கெட்ட காற்று என்றுதான் அர்த்தம்.

1897-இல் ரொனால்ட் ராஸ் என்ற டாக்டர் இந்தியாவின் செகந்தராபாத்தில் ஒரு கொசுவை அறுத்துப் பார்த்து, அதன் வயிற்றில் மலேரியாக் கிருமி வளர்வதைக் கண்டார். காய்ச்சல்காரனைக் கடித்த கொசு, பிறகு நல்ல உடம்புக்காரனைக் கடிக்கிறது. நோயும் அந்த வழியே போகிறது. எல்லாக் கொசுவும் இந்தக் கிருமியைச் சுமப்பதில்லை. அனோபிலிஸ் என்ற இனத்துப் பெண் கொசுதான் இந்த வேலையைச் செய்கிறது. நோபல் பரிசு பெற்ற கண்டுபிடிப்பு இது.

கண்டுபிடித்தது சரி. அதை வைத்து ஒரு ஊரைக் காப்பாற்ற முடியுமா? அதற்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு வாட்சன் தலையில் வந்து விழுந்தது. 1901 ஜனவரியில், 27 வயது இளைஞராக, அவர் அரசாங்க டாக்டராகக் கிள்ளானில் வேலை ஏற்றார்.

அன்றைய கிள்ளானை இன்றைய கிள்ளானோடு சேர்த்து நினைக்கக் கூடாது. ஊரைச் சுற்றிச் சதுப்பு நிலம். வீட்டுக் கொல்லைவரைக்கும் புதர்க் காடு. ஆஸ்பத்திரியில் எப்போதும் காய்ச்சல் கூட்டம். அந்த வருஷம் செப்டம்பரில், பக்கத்திலேயே போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற புதுத் துறைமுகத்தைத் திறந்தார்கள். அதுதான் இன்றைய போர்ட் கிள்ளான். பாக்காவ் மரங்கள் நின்ற சேற்று நிலத்தில் கட்டிய துறைமுகம் அது. திறந்த சில வாரங்களிலேயே அங்கு வேலை செய்தவர்கள் கொத்துக் கொத்தாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். உத்தியோகஸ்தர், கூலியாள் என்ற வித்தியாசம் கொசுவுக்கு ஏது? கப்பலில் வந்தவர்களையும் விடவில்லை. பணத்தைக் கொட்டிக் கட்டிய துறைமுகத்தை மூடிவிடலாமா என்று பேசும் நிலைமை வந்துவிட்டது.

எண்ணிப் பார்த்த டாக்டர்

வாட்சன் சொன்ன வழி ரொம்ப எளிமையானது. புதரை வெட்டு, சதுப்பை நிரப்பு, கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிடு. துறைமுகத்தைச் சுற்றி, கடல் தண்ணீர் உள்ளே ஏறாதபடி கரை போடு. கொசு முட்டையிடத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லையென்றால் புழு இல்லை, புழு இல்லையென்றால் கொசுவும் இல்லை.

வேலை நடந்தது. பலன் என்ன என்பதை அவர் வாய்ப் பேச்சாக விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் எண்ணி எழுதி வைத்தார். கிள்ளான் ஊரிலும் துறைமுகத்திலும் காய்ச்சலால் இறந்தவர்கள் 1901-இல் 368 பேர். வேலை தொடங்கிய பிறகு, 1902-இல் 59 பேர். 1905-இல் 45 பேர். மலேரியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1901-இல் 610 பேர். 1905-இல் வெறும் 23 பேர். அரசாங்க ஊழியர்கள் 1901-இல் இந்தக் காய்ச்சலுக்காக எடுத்த விடுப்பு 1,026 நாள். 1905-இல் 30 நாள்.

ஏதோ அந்த வருஷங்களில் காய்ச்சலே குறைந்திருக்கும், டாக்டருக்கு அதிர்ஷ்டம் என்று யாராவது சொல்லலாம் அல்லவா? அதற்கும் அவரிடம் கணக்கு இருந்தது. கால்வாய் வெட்டாத கிள்ளான் வட்டாரத்தின் மற்றப் பகுதிகளையும் அவர் எண்ணி வைத்திருந்தார். அங்கே காய்ச்சல் சாவு 1901-இல் 266. 1905-இல் 351. ஒரே மழை, ஒரே வெயில், ஒரே வட்டாரம். கால்வாய் போன இடத்தில் சாவு குறைந்தது. போகாத இடத்தில் கூடியது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? ராஸின் கண்டுபிடிப்பை வைத்து மலேரியாவை அடக்கிக் காட்டிய இடங்களில் உலகத்திலேயே முன்வரிசையில் நிற்பது நம்முடைய கிள்ளான்.

தோட்டத்துப் பிள்ளைகளின் வயிறு

அதே சமயத்தில் ரப்பர் விலை ஏறியது. சிலாங்கூர் முழுக்கக் காட்டை அழித்துக் கித்தா மரம் நட்டார்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறிய நம் ஜனங்கள், கங்காணி பின்னாலும் ஒப்பந்தத்தின் பேரிலும் வந்து இறங்கினார்கள். காட்டை ஒட்டி லயம் கட்டிக் குடிவைத்தார்கள். அந்த லயங்களில் காய்ச்சல் காத்துக்கொண்டிருந்தது. கொய்னா கொடுத்தார்கள். அந்தக் கசப்பு மருந்து பல உயிரைப் பிடித்து நிறுத்தியது உண்மைதான். ஆனால் இன்று மருந்து குடித்தவனை நாளை ராத்திரி மறுபடியும் கொசு கடித்தது. மருந்து மட்டும் போதாது என்பதை வாட்சன் கண்ணால் கண்டார்.

சில ஆண்டுகளில் அவர் அரசாங்க வேலையை விட்டுவிட்டுத் தோட்டங்களுக்கே டாக்டரானார். தோட்டம் தோட்டமாகப் போய் அவர் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

திரும்பத் திரும்ப மலேரியா வந்த பிள்ளைக்கு, இடது விலா எலும்புக்குக் கீழே இருக்கும் மண்ணீரல் வீங்கிவிடும். விரலால் அழுத்தினால் கட்டி மாதிரி தட்டுப்படும். பெரியவர்களைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. அவர்கள் நேற்று வேறு தோட்டத்தில் இருந்திருப்பார்கள், முந்தாநாள் ஊரிலிருந்து வந்திருப்பார்கள். பிள்ளைகள் அப்படியில்லை. அவர்கள் அந்த லயத்திலேயே கிடப்பவர்கள். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு வயிற்றில் கட்டி என்று எண்ணினால், அந்த லயத்துக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று தெரிந்துபோகும். இரத்தம் எடுக்க வேண்டாம், பெரிய கருவி வேண்டாம். ஒரு டாக்டரின் விரல் போதும்.

இப்படி எண்ணியதில் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. சமவெளித் தோட்டங்களில், காட்டை ஒட்டிய லயங்களில்தான் கட்டியுள்ள பிள்ளைகள் அதிகம். காட்டை விட்டு விலக விலக எண்ணிக்கை குறைந்தது. ஏறக்குறைய அரை மைல் தள்ளிய லயத்தில் பிள்ளைகள் தேறி இருந்தார்கள். ஆகவே லயத்தைக் காட்டோரத்தில் கட்டாதே, வெட்டித் துப்புரவாக்கிய நிலத்தின் நடுவில் கட்டு என்று துரைமார்களுக்கு அவர் எடுத்துச் சொன்னார். சமவெளியில் காடு அழிந்து, கால்வாய் வெட்டிய பிறகு மலேரியா தானாக விலகியது.

மேட்டு நிலம் கொடுத்த அடி

அத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மேட்டுத் தோட்டங்களில் எல்லாம் தலைகீழாக நடந்தது. அங்கேயும் காட்டை வெட்டினார்கள். பள்ளத்தில் ஓடிய ஓடைகளைத் துப்புரவு செய்து, வெயில் படும்படி திறந்துவிட்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஓடியது. பார்ப்பதற்கு எவ்வளவு சுத்தம்! ஆனால் காய்ச்சல் குறையவில்லை. பல இடங்களில் முன்னைவிடக் கூடியது. கிள்ளானில் உயிரைக் காப்பாற்றிய அதே வேலை, மேட்டில் உயிரை வாங்கியது.

இன்னொருவராக இருந்தால், சொன்ன வேலையைத் தோட்டத்தார் ஒழுங்காகச் செய்யவில்லை என்று பழியைப் போட்டுவிட்டு ஒதுங்கியிருப்பார். வாட்சன் அப்படிச் செய்யவில்லை. தண்ணீருக்குத் திரும்பினார். எந்தத் தண்ணீரில் எந்தப் புழு இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தார். பிடித்த புழுக்களைக் கொசுவாக வளரவிட்டு, இன்ன வகை என்று பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்திலும் அந்த நாளில் மலாயாக் கொசுக்களை வகை வகையாகப் பிரித்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். இதிலிருந்துதான் முடிச்சு அவிழ்ந்தது.

அனோபிலிஸ் என்பது ஒரு கொசு இல்லை. அது ஒரு பெரிய குடும்பம். அந்தக் குடும்பத்தில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழக்கம். சமவெளிக் காட்டுச் சதுப்பில், நிழல் விழுந்த கறுப்புத் தண்ணீரில் பிறப்பது ஒன்று. அதன் பெயர் அம்புரோசஸ். அதை நிழல் கொசு என்று வைத்துக்கொள்வோம். காட்டை வெட்டி வெயில் பட்டால் அது ஒழிந்துபோகும். மேட்டு ஓடையில் பிறப்பது மாக்குலாட்டஸ். இது வெயில் கொசு. தெளிந்த தண்ணீரும் சூரிய வெளிச்சமும்தான் அதற்குப் பிடிக்கும். ஓடையைத் திறந்துவிட்டவர்கள் அறியாமலேயே அதற்குத் தொட்டில் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். கடலோரத்தில், கேரித் தீவு மாதிரி இடங்களில், உப்புக் கலந்த தண்ணீரில் பிறக்கும் மூன்றாவது வகையும் உண்டு.

அப்படியானால் ஒரே மருந்து எல்லா இடத்துக்கும் எப்படிப் பொருந்தும்? மேட்டுப் பள்ளத்து ஓடையைத் திறந்து விடுவதற்குப் பதிலாக, சுட்ட மண் குழாய்களைத் தரைக்கு அடியில் பதித்து, தண்ணீரைக் கண்ணில் படாமல் கொண்டுபோனார்கள். வெயில் கொசுவுக்கு வெயிலும் இல்லை, தண்ணீரும் இல்லை. குழாய் பதிக்க முடியாத இடத்தில் தண்ணீரின் மேல் எண்ணெய் தெளித்தார்கள். கொசுப் புழு மூச்சு வாங்கத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்தாக வேண்டும். எண்ணெய்ப் படலம் அதன் மூச்சை அடைத்துவிடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாள்தான். அதனால் வாரம் தவறாமல் தெளிக்க வேண்டும். சீபீல்டு தோட்டம் இந்த வேலைகளுக்கெல்லாம் ஒரு பள்ளிக்கூடமாக இருந்தது.

கொசுவை மொத்தமாக ஒழிக்க வேண்டியதில்லை. நோயைச் சுமக்கும் வகை எது, அது எந்தத் தண்ணீரில் பிறக்கிறது என்று பார்த்து, அதை மட்டும் அடித்தால் போதும். இதுதான் வாட்சன் நமக்குக் கொடுத்த பாடம். 1911-இல் இதையெல்லாம் அவர் புத்தகமாக எழுதினார். ஜெயித்ததை மட்டும் எழுதாமல் தோற்றதையும் அதில் எழுதினார். டச்சு விஞ்ஞானி ஸ்வெல்லென்கிரேபல் மலாயாவுக்கு வந்து இந்த வேலையைப் பார்த்துவிட்டுப் போய், இன்றைய இந்தோனேசியாவில் அதே வழியைப் பின்பற்றினார்.

மண்வெட்டி பிடித்த கை

இந்த இடத்தில் நாம் ஒன்றைச் சொல்லாமல் போனால் அது நியாயம் ஆகாது.

வாட்சன் நல்ல டாக்டர். ஆனால் சம்பளம் கொடுத்தது தோட்ட முதலாளிகள். காய்ச்சலால் எத்தனை ஆள் வேலைக்கு வரவில்லை, புது ஆளைக் கொண்டுவர எவ்வளவு செலவு, அதைவிடக் கால்வாய் வெட்டுவது மலிவு என்று கணக்குக் காட்டினால்தான் துரைமார்கள் பெட்டியைத் திறந்தார்கள். உயிர் போகிறது என்று சொன்னால் அசையாத மனம், லாபம் போகிறது என்றால் அசைந்தது. அந்தக் கணக்கையும் வாட்சன் போட்டுக் காட்டினார். இல்லாவிட்டால் காரியம் நடந்திருக்காது என்பது அவருக்குத் தெரியும்.

கால்வாய் வெட்டியது யார்? இடுப்பளவு சேற்றில் நின்று, குழாய் சுமந்து, எண்ணெய் தெளித்தது யார்? வாட்சன் கிழித்த கோட்டின் மேல் மண்வெட்டி போட்டவர்கள் நம் ஜனங்களும் மற்றத் தொழிலாளிகளும்தான். அவர் தொட்டுப் பார்த்த வயிறுகள் நம் பிள்ளைகளின் வயிறுகள். அவர் புத்தகத்தில் தோட்டங்கள் இருக்கின்றன, பிள்ளைகளின் எண்ணிக்கை இருக்கிறது, நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பிள்ளைகளின் பெயர்கள் இல்லை. உலகம் கற்றுக்கொண்ட ஒரு பெரிய பாடம், பெயர் தெரியாத தமிழ்ப் பிள்ளைகளின் உடம்பில் எழுதியிருந்தது. இதை நாம் மறக்கலாகாது. டாக்டருக்குக் கொடுக்கும் மரியாதையில் ஒரு பங்கு அந்தப் பிள்ளைகளுக்கும் சேர வேண்டும்.

கடைசிக் காலம்

1924-இல் வாட்சனுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் மலாயாவில் உழைத்துவிட்டு, 1928-இல் இங்கிலாந்துக்குத் திரும்பினார். ராஸ் பெயரில் லண்டனில் நடந்த ஆராய்ச்சி நிலையத்தில் மலேரியாத் தடுப்பு வேலையை ஏற்றார். 1932-இல் ராஸ் காலமான பிறகு அந்த நிலையத்துக்கே தலைவரானார். இந்தியாவின் தேயிலைத் தோட்டங்களுக்கும், ஆப்பிரிக்காவில் இன்றைய ஸாம்பியா நாட்டின் செம்புச் சுரங்கங்களுக்கும் மலாயாப் பாடம் போனது. 1955-இல் அவர் காலமானார்.

பிறகு டி.டி.டி. மருந்து வந்தது, 1967-இல் நம் நாட்டில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. மனிதனிடமிருந்து கொசு வழியாக மனிதனுக்குப் பரவும் பழைய மலேரியா, உள்நாட்டில் ஒருவருக்கும் தொற்றவில்லை என்ற நிலையை 2018-இல் மலேசியா எட்டியது. கிள்ளானில் ஒரே வருஷத்தில் 368 பேர் செத்த கதையோடு இதை வைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று புரியும்.

நம் வேலை முடியவில்லை

முடிந்தது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? முடியாது. காட்டுக் குரங்கிடம் இருக்கும் ஒரு வகை மலேரியா, கொசு வழியாக மனிதனுக்கு வருகிறது. காட்டோரத்தில் வேலை செய்பவர்கள்தான் முதலில் மாட்டிக்கொள்கிறார்கள். செம்பனைத் தோட்டம் காட்டை ஒட்டிப் போகும் இடத்தில் காய்ச்சல் வந்தால், சும்மா ஜலதோஷம் என்று வீட்டில் படுத்துவிடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சோதிக்க வேண்டும். காட்டோரத்தில் வேலை செய்கிறேன் என்பதையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

அடுத்தது டெங்கி. அதைச் சுமக்கும் ஏடிஸ் கொசு வாட்சன் தேடிய கொசு இல்லை. அது ஓடையிலும் சதுப்பிலும் பிறப்பதில்லை; நம் வீட்டைச் சுற்றித்தான் பிறக்கிறது. பூச்சாடித் தட்டு, பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடாத தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்கு வீடு. மரம் வெட்டாத நிரையில் நிமிர்ந்தபடி விட்ட பால் மங்கில் மழைத்தண்ணீர் நின்றால் அதுவும் வீடுதான். கடிப்பதும் பெரும்பாலும் பகலில். புகை அடித்தால் பறக்கும் கொசு சாகும். தண்ணீரில் கிடக்கும் புழு சாகாது. நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க 1975-இல் வந்த சட்டம், புழு இருக்கும் இடத்துக்குச் சொந்தக்காரரைத் தண்டிக்க வழி செய்திருக்கிறது. ஆனால் அதிகாரி வந்து பார்க்கும்வரைக்கும் புழு காத்திருக்காது.

பார்ப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரை அள்ளி வெளிச்சத்தில் வையுங்கள். தலைகீழாகத் தொங்கி, ஆள் நிழல் பட்டதும் நெளிந்து கீழே இறங்கினால் அது ஏடிஸ் புழுவாக இருக்கலாம். தண்ணீரின் மேல் மட்டமாகப் படுத்துக் கிடந்தால் அது அனோபிலிஸ் குடும்பம். தொங்கும் புழு வீட்டுச் சாமானில் இருந்தால் தண்ணீரைக் கொட்டிச் சாமானைக் கவிழ்த்து வையுங்கள். படுத்திருக்கும் புழுவை ஓடையிலோ கால்வாயிலோ கண்டால் தோட்ட நிர்வாகத்துக்கும் சுகாதார இலாகாவுக்கும் சொல்லுங்கள். இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அவர்கள் நம்மைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாரம் ஒரு நாள், பத்து நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைச் சுற்றி ஒரு நடை. பக்கத்து வீட்டாரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கொசுவுக்கு வேலி கிடையாது. அன்று நம் பிள்ளைகளின் வயிற்றை எண்ணித்தான் நோயைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இன்று புழுவை நாமே முதலில் எண்ணிவிட்டால் பிள்ளைகளை எண்ண வேண்டிய அவசியம் வராது.